தேங்காயை நிறுத்துவதா, சாயங்காலப் பேக்கரியை நிறுத்துவதா? கொலஸ்ட்ரால் அறிக்கையோடு ஒரு கேள்வி

பழையாறு (நாகர்கோவில்)

அனைவருக்கும் வணக்கம். போன மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 252, எல்.டி.எல். 171, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 215 என்று வந்திருக்கிறது. வயது 46. புகை, மது இரண்டும் இல்லை. என் அப்பா 52 வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தையிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. அதனால் இந்த எண்களைப் பார்த்த நாள் முதல் வீட்டில் ஒருவருக்கும் சரியான உறக்கம் இல்லை. மருத்துவர் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் மாத்திரையை இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார், உணவிலும் கவனமாக இருங்கள் என்றார். எந்த உணவில் என்று நான் கேட்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

இப்போது வீட்டில் தேங்காயின் மீது வழக்கு நடக்கிறது. தேங்காய் எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லி என் மைத்துனர் சூரியகாந்தி எண்ணெய் டின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து அடுக்களையில் வைத்துவிட்டார். அம்மாவோ, "தேங்கா அரைக்காத கறிய நான் எப்படி விளம்புவேன், உங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் இதத்தானே தின்னாரு" என்று கேட்கிறார். இரண்டு பேரையும் மறுத்துப் பேசும் அறிவு எனக்கு இல்லை.

நான் உண்பதை மறைக்காமல் எழுதுகிறேன். காலையில் ஆப்பம், புட்டு, தோசை இவற்றில் ஒன்று. பெரும்பாலும் தேங்காய்ச் சட்னி உண்டு. மதியம் சோறு, தேங்காய் அரைத்த மீன்கறி, ஒரு துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), பொரித்த மீன் ஒரு துண்டு. மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தின் எதிரே உள்ள பேக்கரியில் சாயாவும் முட்டை பப்ஸும், சில நாள் பழம்பஜ்ஜி. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் பரோட்டா. நாங்கள் நான்கு பேர். மாதத்துக்கு ஐந்து லிட்டர் தேங்காய் எண்ணெயும், நாளுக்கு அரைமுறித் தேங்காயும் செலவாகின்றன. எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வேளிமலை (தக்கலை)

தம்பி, நான் 31 ஆண்டுகள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் அல்ல; ஆனால் அறிக்கையை எப்படிப் படிப்பது என்று சொல்ல முடியும்.

பெரும்பாலோர் மொத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்து, 200-க்கு மேல் என்றால் பயப்படுவார்கள், கீழே என்றால் மகிழ்ந்துபோவார்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்ப்பதால் பயனில்லை. இரத்தக் குழாயின் சுவரில் படிந்து அடைப்பை உண்டாக்குவது எல்.டி.எல். துகள்கள் சுமந்து செல்லும் கொலஸ்ட்ரால். எனவே முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மற்றக் குறைபாடுகள் இல்லாதவருக்கு அது 100-க்குக் கீழே இருப்பது நல்லது. மிஞ்சிய கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறையாமல் இருக்க வேண்டும். இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும்.

பல கூடங்களில் எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுவார்கள். உங்கள் அறிக்கையில் 252-இலிருந்து 38-ஐயும் 43-ஐயும் கழித்தால் சரியாக 171 வருகிறது. ஆகவே முந்தின இரவு பரோட்டாவும் மாட்டுக்கறியும் தின்றுவிட்டு, காலையில் சாயாவும் குடித்துவிட்டு இரத்தம் கொடுத்திருந்தால் டிரைகிளிசரைடு ஏறும், அதை வைத்துக் கணக்கிட்ட எல்.டி.எல்.-உம் பிழைபடும். வெறும் வயிற்றில்தான் கொடுத்தீர்களா?

இன்னும் இரண்டு செய்திகள். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தாலும் எல்.டி.எல். ஏறும், டி.எஸ்.எச். என்ற தைராய்டுப் பரிசோதனையைப் பார்க்காமல் தேங்காயைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். அடுத்தது, உங்கள் அப்பா 52 வயதில் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே உண்டாக்குகிறது; அதில் முக்கியமானது கல்லீரல். அது எவ்வளவு உண்டாக்குகிறது, இரத்தத்திலிருந்து எவ்வளவு திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பது பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். கல்லீரல் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பியைக் கண்டறிந்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் அதைக் கண்டறிந்ததே, குடும்பம் குடும்பமாக இளவயதில் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்தபோதுதான். உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ஏத்தன்குலை (குலசேகரம்)

நான் தென்னையும் வாழையும் ரப்பரும் வைத்திருக்கும் விவசாயி. வீட்டில் யாருக்காவது கொலஸ்ட்ரால் என்று வந்துவிட்டால் முதலில் வெளியே தள்ளப்படுவது நம் தோட்டத்துத் தேங்காய்தான் என்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பசிபிக் கடலில் டோக்கலாவ், புகாபுகா என்ற தீவுகளில் உள்ளவர்களைப் பற்றி 1981-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. டோக்கலாவ் மக்களின் உணவு ஆற்றலில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்தே வந்தது. அவர்களிடையே இதய நோய் அரிதாகவே இருந்தது என்று அந்த ஆய்வு சொல்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். என் தகப்பனார் காலத்தில் திருவட்டாறு, குலசேகரம் பக்கத்தில் யார் வீட்டில் சூரியகாந்தி எண்ணெய் இருந்தது? காலை கஞ்சியும் பயறும், மதியம் மரச்சீனி (மரவள்ளி) கிழங்கும் மீன்கறியும், இரவு மறுபடி கஞ்சி. எல்லாவற்றிலும் தேங்காய். அப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்கள் இவ்வளவு பேர் இல்லை. தேங்காய் அப்படியேதான் இருக்கிறது. மாறியது தேங்காய் அல்ல என்பது என் உறுதியான கருத்து.

கஞ்சியும்பயறும் (நாகர்கோவில்)

நான் உணவியல் படித்து ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். விவசாய அண்ணன் சொன்னதில் பாதியை நான் முழுமனதாக ஏற்கிறேன், மறுபாதியை ஏற்க இயலவில்லை. சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேங்காயில் சொல்லும்படிக் கொலஸ்ட்ரால் இல்லை. எந்தத் தாவரத்திலும் இல்லை. ஆனால் இரத்தத்தில் எல்.டி.எல்.-ஐ ஏற்றுவது, உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புத்தான் (நெய், வெண்ணெய்போல எளிதில் உறையும் வகை). அது மிகுந்தால் கல்லீரலின் ஏற்பிகள் குறைந்து, எல்.டி.எல். இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்லெண்ணெயில் அதனினும் குறைவு. பல சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், தேங்காய் எண்ணெய் உண்டவர்களுக்கு மற்றத் தாவர எண்ணெய்களை உண்டவர்களைவிட எல்.டி.எல். சராசரியாகப் பத்துப் புள்ளி கூடுதலாக இருந்தது. எச்.டி.எல்.-உம் நான்கு புள்ளி கூடியது. அதைக் காட்டி ஆறுதல் கொள்பவர்கள் உண்டு, ஆனால் எச்.டி.எல்.-ஐ உயர்த்துவதால் மாரடைப்பு குறையும் என்பது மருந்துச் சோதனைகளில் மெய்ப்படவில்லை.

கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வை யாராவது காட்டக்கூடும். தேங்காய் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் வேறுபாடு இல்லை என்று அதில் கண்டார்கள். உண்மைதான்; ஆனால் அவர்கள் வழக்கமான இதய மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மருந்து எடுக்காதவருக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

டோக்கலாவ் மக்களைப் பற்றி: அவர்கள் தேங்காயைப் பெரும்பாலும் தேங்காயாகத் தின்றார்கள், எண்ணெயாக அல்ல. கூடவே மீன், ஈரப்பலா. சர்க்கரையும் மாவும் மிகக் குறைவு. நாள் முழுவதும் உடலுழைப்பு. அதே ஆய்வில், தேங்காய் கூடுதலாக உண்ட டோக்கலாவினருக்குப் புகாபுகா மக்களைவிடக் கொலஸ்ட்ரால் கூடுதலாகவே இருந்தது. அண்ணனின் தகப்பனாரும் அப்படித்தான் உண்டிருப்பார், உழைத்திருப்பார். தேங்காய் அப்படியேதான் இருக்கிறது என்பது சரி. ஆனால் நாம் அதன் எண்ணெயை எடுத்து, உட்கார்ந்த இடத்தில், மைதாவோடு உண்கிறோம்.

இப்போது பழையாறு அண்ணனின் அடுக்களைக் கணக்குக்கு வருகிறேன். ஐந்து லிட்டரை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிலிட்டருக்கு மேல். அதில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 30 கிராமைத் தாண்டும். 2000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு ஆற்றலில் பத்து விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 22 கிராம். எண்ணெய் ஒன்றிலேயே வரம்பு கடந்துவிட்டது. அரைமுறித் தேங்காயைத் துருவினால் 150 கிராம் அளவில் கிடைக்கும். ஆளுக்கு 40 கிராம் என்று வைத்தால் அதில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 12 கிராம், நார்ச்சத்து மூன்று நான்கு கிராம். எண்ணெயில் அந்த நார்ச்சத்து துளியும் இல்லை. தேங்காய்ப்பால் பிழிந்து சக்கையை எறிந்தாலும் அதே இழப்புத்தான்.

ஆகவே என் பரிந்துரை: அம்மா அரைக்கும் தேங்காய் இருக்கட்டும், எண்ணெயைக் குறையுங்கள். மாதம் ஐந்து லிட்டரை இரண்டு லிட்டராகக் குறைத்து, அதில் ஒன்றரை லிட்டர் கடலை எண்ணெயாகவோ நல்லெண்ணெயாகவோ இருக்கட்டும். மீதி அரை லிட்டர் தேங்காய் எண்ணெயை அவியலுக்கு மேலே ஊற்றவும் தாளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அவியலின் மணம் அந்தக் கடைசிக் கரண்டியில்தான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். மைத்துனர் கொண்டுவந்த டின்னை எறிய வேண்டாம். ஆனால் எண்ணெயை மாற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் பழைய அளவிலேயே ஊற்றினால் உடம்பு எடைதான் ஏறும்.

ஏத்தன்குலை (குலசேகரம்)

கணக்கைப் பார்த்த பிறகு மறுக்க வழியில்லை. எண்ணெயையும் தேங்காயையும் நான் ஒன்றாகவே நினைத்துப் பேசியது தவறு. ஆனால் ஒன்று கேட்கிறேன். சூரியகாந்தி எண்ணெய்ப் பொட்டலத்தில் மட்டும் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெரிய எழுத்தில் போட்டு இதயப் படம் வரைகிறார்களே, எந்தத் தாவரத்திலும் கொலஸ்ட்ரால் இல்லை என்றால் அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு? எங்கள் செக்கு எண்ணெய்க்கும் அதே சொல்லைப் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

கஞ்சியும்பயறும் (நாகர்கோவில்)

அந்தச் சொல் பொய்யல்ல, ஆனால் அதனால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை, அண்ணன். பொட்டலத்தின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கச் சிறு எழுத்தைப் படிப்பதுதான் நாம் செய்யக்கூடியது. அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

பழைய அடுப்பு (மார்த்தாண்டம்)

நான் 11 ஆண்டுகள் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை செய்தவன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை. எந்தக் கடையையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

பப்ஸின் அடுக்குகள் எப்படி உண்டாகின்றன என்று தெரிந்தால் ஐந்து மணிக்கு அதைக் கையில் எடுப்பவர் ஒரு நிமிடம் யோசிப்பார். மைதா மாவைப் பரப்பி, அதன் மேல் கெட்டியான மார்கரின் கட்டியைத் தட்டையாக்கி வைத்து, மடித்து, உருட்டி, மறுபடி மடிப்போம். கொழுப்புக் குளிர்ந்து கெட்டியாக இருந்தால்தான் அடுக்கு பிரியும். எண்ணெய் ஊற்றினால் பிரியாது. நாங்கள் ஒரு கிலோ மைதாவுக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் கொழுப்பு வைப்போம். அதில் 28 பப்ஸ் வரும். ஒன்றுக்குப் பதினேழு பதினெட்டுக் கிராம் கொழுப்பு, உள்ளே வைக்கும் மசாலாவின் எண்ணெய் தனி.

முன்பு வனஸ்பதியும் மலிவான மார்கரினும் ஓடின. எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.-ஐ ஏற்றி, எச்.டி.எல்.-ஐயும் குறைக்கும் என்பதை அந்த வேலையில் இருந்தபோது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2022 சனவரி முதல் எண்ணெயிலும் கொழுப்பிலும் அது இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் அடுக்கு பிரிய வேண்டுமே. அதனால் அந்த இடத்துக்குப் பாமாயிலிலிருந்து பிரித்தெடுத்த கெட்டிக் கொழுப்பு வந்தது. டிரான்ஸ் போனது, நிறைவுற்றது அப்படியே இருக்கிறது.

பொரிக்கும் சட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் ஊற்றிய எண்ணெயில் பழம்பஜ்ஜி, வடை, சிப்ஸ் என்று பொரித்துவிட்டு, குறைந்த அளவுக்கு மட்டும் புதிய எண்ணெய் விட்டு மறுநாளும் ஓட்டுவது பல இடங்களில் வழக்கம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் கழிவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை அளக்கும் கருவி சாயாக்கடையில் இருக்காது. கண்ணால் பார்க்கலாம்: எண்ணெய் கருத்து, ஓரத்தில் நுரை தங்கி, தொட்டால் பசைபோல் ஒட்டி, அடுப்பு ஏறும் முன்பே புகைந்தால் அங்கே பொரித்ததை வாங்காதீர்கள். நான் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

குளச்சல்கரை (குளச்சல்)

மீனைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். நெய்ச்சாளையும் (மத்தி) அயிலையும் (கானாங்கெளுத்தி) ஒமேகா 3 கொழுப்பு நிறைந்த மீன்கள். விலையும் நெய்மீனைப்போல (வஞ்சிரம்) கடிக்காது. அவை டிரைகிளிசரைடைக் குறைக்க உதவும் என்று எங்கள் ஊருக்கு வந்த மருத்துவர் சொன்னார். ஆனால் அதே சாளையை மசாலா புரட்டி எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் நல்ல கொழுப்புக் கொஞ்சம் எண்ணெய்க்குப் போய், சட்டியின் எண்ணெய் மீனுக்குள் வருகிறது. எங்கள் வீட்டில் பொரிப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாளில் குடம்புளி போட்டுக் கறியாகவோ, வாழையிலையில் பொதிந்து தோசைக்கல்லில் சுட்டோ உண்கிறோம். இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. அளவாக உண்பதில் பயப்பட ஒன்றுமில்லை.

சூன், சூலை மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் பக்கம் பலரும் கருவாட்டுக்கு மாறுவார்கள். அதில் இருப்பது கொழுப்புச் சிக்கல் அல்ல, உப்புச் சிக்கல். நாளுக்கு மொத்தம் ஐந்து கிராம் உப்புக்கு மேல் கூடாது என்கிறார்கள். இரத்தக் கொதிப்பும் சேர்ந்திருப்பவர்கள் நன்றாக ஊறவைத்துக் கழுவி, கறியில் வேறு உப்புச் சேர்க்காமல் வையுங்கள்.

பழையாறு (நாகர்கோவில்)

எல்லோருக்கும் நன்றி. வேளிமலை அக்கா கேட்டதற்குப் பதில்: இரவு எட்டு மணிக்குப் பின் ஒன்றும் உண்ணாமல்தான் இரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். இப்போது பார்த்தேன், சரியாக இருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை 5.9; கவனம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மரச்சீனிக் கிழங்கு எனக்கு மிகவும் விருப்பம். அதை விட வேண்டுமா? பரோட்டாவுக்குப் பதிலாக இரவில் பாலில் ஊறவைத்து உண்ண, சோளச்சீவலும் (கார்ன்ஃபிளேக்ஸ்) பலதானிய பிஸ்கட்டும் வாங்கி வைத்திருக்கிறாள் மனைவி. அது நல்லதுதானே?

கஞ்சியும்பயறும் (நாகர்கோவில்)

கிழங்கைப் பற்றி முதலில். திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880-களில் மரச்சீனியைப் பரப்பியதும், இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது அது ஏழைகளின் வயிற்றைக் காத்ததும் நம் மாவட்டத்துக்கும் உரிய வரலாறு. பசியைத் தீர்த்த உணவு அது. ஆனால் அதில் பெரும்பங்கு மாவுச்சத்து, புரதம் மிகச் சிறிது. மண்ணை வெட்டிக் கொத்தும் உடம்புக்கு அது எரிபொருள். நாற்காலியில் இருக்கும் உடம்பில் மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. உங்கள் 215-க்கும் 5.9-க்கும் தேங்காயைவிடச் சோறு, மைதா, கிழங்கு, சர்க்கரை போட்ட சாயா இவைதாம் நெருங்கிய உறவு. விட வேண்டாம். வாரம் ஒரு நாள், சோற்றுக்கு மாற்றாக, சோற்றோடு அல்லாமல், தட்டில் பாதிக்கு மீன்கறியும் துவரனும் வைத்து உண்ணுங்கள்.

சோளச்சீவலும் பிஸ்கட்டும் பரோட்டாவுக்கு மாற்றாகா. இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பதப்படுத்துதல் எல்லாமே தீது அல்ல. மாவைப் புளிக்க வைப்பதும், மீனைக் காயவைப்பதும், ஏத்தங்காயை வற்றலாக்குவதும் பதப்படுத்துதல்தான். பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டேரோ குழுவினர் உணவுகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். அவர்கள் எச்சரித்தது நான்காம் வகையை: வீட்டு அடுக்களையில் இல்லாத மாவுப்பொருள், சாறு, மணமூட்டி, நிறமூட்டி, எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கலந்து நிறுத்தும் குழைமமாக்கி இவற்றால் ஆலையில் உருவாக்கப்படும் பண்டங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட சோதனையில், 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் இந்த வகை உணவும் இரண்டு வாரம் எளிய உணவும் கொடுத்தார்கள். முன்வைத்த தட்டுகளில் சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ஒப்பாகவே இருந்தன. வேண்டிய மட்டும் உண்ணலாம். ஆலைப் பண்டங்களை உண்ட வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, ஏறக்குறைய ஒரு கிலோ எடை ஏறினார்கள். மெல்ல வேண்டாத, விரைவில் விழுங்கக்கூடிய உணவில் வயிறு நிறைந்த செய்தி தாமதமாகப் போய்ச்சேருகிறது என்பது ஒரு விளக்கம்.

பொட்டலத்தின் பின்பக்கத்தை இப்படிப் படியுங்கள். சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது சட்டம். பலதானிய பிஸ்கட் என்று முன்னால் இருக்கும். பின்னால் முதலில் மைதாவும், அடுத்து சர்க்கரையும் பாமாயிலும் இருந்து, தானியங்கள் இரண்டு விழுக்காடு மூன்று விழுக்காடு என்று கடைசியில் வந்தால் அது மைதா பிஸ்கட்தான். சர்க்கரை பல பெயர்களில் பிரிந்து நிற்கும்: குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப். சத்து அட்டவணையில் "ஒரு பரிமாறலுக்கு" என்ற கட்டத்தை விட்டு, "100 கிராமுக்கு" என்ற கட்டத்தைப் பாருங்கள். பரிமாறல் என்று அவர்கள் எழுதுவது இரண்டு பிஸ்கட்டாக இருக்கும், நாம் எடுப்பது எட்டு.

இரவுக்குச் சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் போதும்; என் புனைபெயரே அதுதான் என்பதால் சொல்லவில்லை. பயறு, காராமணி, கடலை இவற்றில் கரையும் நார்ச்சத்து உண்டு. குடலில் வரும் பித்தநீரை அது பற்றிக்கொண்டு வெளியேற்றுகிறது. கல்லீரல் புதிய பித்தநீர் செய்ய இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்ள வேண்டியதாகிறது. மாலை ஐந்து மணிக்குப் பசித்தால் அவித்த கடலை ஒரு கைப்பிடி, ஒரு மட்டிப்பழம்.

தோவாளைத்தோட்டம் (தோவாளை)

நான் இதுவரை இங்கே எழுதியதில்லை. ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. என் கணவருக்கும் இதே மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் எண்கள் சரியாகிவிட்டன. சரியாகிவிட்டதே, இனி எதற்கு இரசாயனம், பூண்டும் வெந்தயமும் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவராகவே நிறுத்திவிட்டார். நானும் தடுக்கவில்லை. பூண்டைத் தேனில் ஊறவைத்துக் கொடுத்ததே நான்தான். எட்டு மாதம் கழித்து, மார்கழியில் ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலி வந்தது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலமாக இருக்கிறார், மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. மருந்து எண்ணைக் குறைத்து வைத்திருந்தது என்பதை நாங்கள் நோய் தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டோம்.

வேளிமலை (தக்கலை)

தங்கையே, எழுதியதற்கு நன்றி. உங்கள் கணவர் நலமாக இருப்பது நிறைவு.

அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மருந்து, கல்லீரல் கொலஸ்ட்ராலை உண்டாக்கப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கிறது. தட்டுப்பாடு வந்தவுடன் கல்லீரல் ஏற்பிகளைக் கூட்டி இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ எடுத்துக்கொள்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சப்பானியரான அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்துதான் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். தசை வலி வந்தால் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்து தருவார். பூண்டும் வெந்தயமும் கறியில் இருக்கட்டும், மாத்திரையின் இடத்தில் வேண்டாம்.

பழையாறு (நாகர்கோவில்)

பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நேற்று அறிக்கை வந்தது. மொத்தம் 187, எல்.டி.எல். 112, எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 175, மூன்று மாதச் சர்க்கரை 5.7. எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது.

செய்தவற்றைச் சொல்கிறேன். மாத்திரையைத் தவறவிடவில்லை. எண்ணெய் மாதம் இரண்டேகால் லிட்டரில் நிற்கிறது. அம்மாவிடம் டின்னைக் கொடுக்காமல், மாதத்தின் முதல் நாளில் அளந்து போத்தலில் ஊற்றிக் கொடுத்த பிறகே அது நடந்தது. தேங்காய் நாளுக்கு அரைமுறி என்பது கால்முறி ஆகியிருக்கிறது. முதல் வாரம் கறி நீர்த்துப்போனது என்று அம்மா வருந்தினார்; பிறகு தானாகவே வறுத்த மல்லியையும் சின்ன உள்ளியையும் கூட்டி அரைத்து அந்தக் குறையை நிரப்பிவிட்டார். உள்ளித்தீயல் முன்பைவிட நன்றாக இருக்கிறது. கடினமாக இருந்தது மாலை ஐந்து மணிதான். பசி அல்ல அது. உடன் வேலை பார்ப்பவர்கள் எழுந்து போகும்போது நான் மட்டும் இருக்கையில் இருப்பது. இரண்டு வாரம் கழித்து நானும் அவர்களோடு போய்ச் சர்க்கரையில்லாத சாயா மட்டும் குடித்து, சட்டைப்பையில் கொண்டுபோன கடலையைக் கொறித்தேன். இப்போது இன்னும் இரண்டு பேர் கடலை கொண்டுவருகிறார்கள்.

எல்.டி.எல். இறங்கியது மாத்திரையாலா, உணவாலா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கஞ்சியும்பயறும் (நாகர்கோவில்)

மிக்க மகிழ்ச்சி, அண்ணன். நேர்மையாகச் சொன்னால் எல்.டி.எல். இறங்கியதில் பெரும்பங்கு மாத்திரைக்கு உரியது. 10 மில்லிகிராமுக்கே மூன்றில் ஒரு பங்கு அளவு குறைவது வழக்கம். டிரைகிளிசரைடும் சர்க்கரையும் எடையும் குறைந்ததில் உங்கள் தட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. குடும்பப் பின்னணியைப் பார்த்து இன்னும் கீழே இறக்க வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த அறிக்கையோடு போய்க் கேளுங்கள்.

பழையாறு (நாகர்கோவில்)

அடுத்த வாரம் போகிறேன். வேளிமலை அக்கா முதலிலேயே சொன்னபடி என் தம்பியையும் பரிசோதிக்க வைத்தேன். அவனுக்கு 41 வயது. இரணியலில் தச்சு வேலை. மெலிந்த உடம்பு, பேக்கரிப் பக்கமே போகாதவன், எனக்கெல்லாம் ஒன்றும் இராது என்று மூன்று மாதம் தட்டிக்கழித்தான். அவனுடைய எல்.டி.எல். 194. வருகிற செவ்வாய்க்கிழமை இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பார்க்கிறோம். அப்பாவைப் பற்றி மருத்துவர் கேட்டால் சொல்வதற்காக, அப்பாவின் வயது, அன்று நடந்தது, அவருடைய அண்ணன் தம்பிகள் எந்த வயதில் போனார்கள் என்பதை எல்லாம் அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.